புதிதாகக் குடிவந்த பெண் உடம்பின் கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. எத்தனை செம்பனைக் குலை வெட்டினார்கள், எத்தனை சாக்கு உதிரிப் பழம் பொறுக்கினார்கள், ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்கு யார் வந்தார், யார் வரவில்லை என்பதெல்லாம் அன்றன்றே செக்ரோல் என்னும் பதிவேட்டில் ஏறிவிடும். அதே தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் உழைத்த ஓர் அக்காவிடம் அவருடைய இரத்த அழுத்தம் கடைசியாக எவ்வளவு இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். “அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்பதே பதிலாக வரும். அப்படிச் சொன்ன பலரை நான் பின்னாளில் மருத்துவமனைக் கட்டிலில் பார்த்திருக்கிறேன்.

திருமணமாகி வந்தவர், கணவருக்குத் தோட்டத்தில் வேலை கிடைத்ததால் வந்தவர், கோலாலம்பூர் வாடகை கட்டுப்படியாகாமல் பெற்றோர் வீட்டுக்குத் திரும்பியவர் என்று மலேசியாவின் நெகிரி செம்பிலானிலுள்ள பகாவ் பட்டணத்துக்கும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்கும் புதிதாக வரும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மருத்துவரோ தாதியோ அல்ல. மலாய் சரியாக வராத, தனியாகப் போகத் தயங்கும் பெண்களுக்குத் துணையாகப் பல ஆண்டுகளாகக் கிளினிக் வாசலில் உட்கார்ந்தவள். எனவே மருந்தின் அளவைப் பற்றி இங்கே எதுவும் சொல்லமாட்டேன். எங்கே போவது, என்ன கேட்பது, எதைக் குறித்துவைப்பது என்பதை மட்டுமே சொல்வேன்.

முதலில் ஒரு கோப்பு

கடையில் இரண்டு மூன்று ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் கோப்பு ஒன்றை வாங்கி, மைகார்டு என்னும் அடையாள அட்டையின் நகல், திருமணச் சான்றிதழின் நகல், பழைய மருந்துச் சீட்டுகள், இரத்தப் பரிசோதனைத் தாள்கள், முன்பு பிள்ளை பெற்றிருந்தால் அந்தக் காலத்துப் பதிவுப் புத்தகம் ஆகியவற்றை அதில் சேருங்கள். முன்பிருந்த ஊரின் கிளினிக்கில் தொடர் சிகிச்சையில் இருந்தவர்கள், ஊர் மாறுவதற்கு முன்பே அங்கிருந்து மாற்றுக் கடிதம் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. எனக்கு இந்தப் புத்தி தாமதமாகத்தான் வந்தது. ஒரு கிளினிக்கில் என் அட்டை எங்கோ மாட்டிக்கொண்டு கிடைக்காமல் போனதால், முந்தைய ஆண்டுச் சர்க்கரை அளவை என்னால் சொல்ல முடியவில்லை. அளவு ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று மருத்துவராலும் சொல்ல முடியவில்லை. ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அதிகம் தெரிந்துகொள்ள முடியாது. இரண்டு எண்களை அருகருகே வைத்தால்தான் உடம்பு எந்தப் பக்கம் போகிறது என்பது தெரியும்.

கோப்பின் உள்பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டி, தேதி, எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின் என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். செக்ரோல் போலத்தான், இதை எழுதும் கிராணி, அதாவது கணக்கர், நீங்களே.

முதல் மாதத்துக்குள் ஒருமுறை

பழைய தோட்டங்களில் டிரெஸர் என்று நாம் அழைத்த மருத்துவ உதவியாளர் தோட்டத்திலேயே இருந்தார். அவர்களைப் பதிவுசெய்வதற்கென்றே 1965இல் தனிச் சட்டம் போடப்பட்டது. இன்றும் சில பெரிய தோட்டங்களில் கிளினிக் இருக்கிறது. இருந்தால், அது எந்த நாள்களில் திறந்திருக்கும், மருத்துவர் எப்போது வருவார் என்பதை முதல் வாரத்திலேயே விசாரித்துவிடுங்கள். காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் அது போதும். கீழே சொல்லப்போகும் சோதனைகளுக்கு அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்தான் வழி. குடியுரிமை உள்ளவர்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் ஒரு ரிங்கிட். வெளிநாட்டிலிருந்து திருமணமாகி வந்த பெண்களுக்குக் கட்டணம் வேறு என்பதால், கடப்பிதழையும் திருமணச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு போய் முதலில் கவுண்டரில் கேட்டுக்கொள்வது நல்லது.

சுகாதார அமைச்சின் மைசெஜாத்ரா செயலியில் முன்பதிவு செய்துகொண்டு போகலாம். கைப்பேசி பழக்கமில்லாதவர்கள் பிள்ளைகளைக் கொண்டு செய்விக்கலாம். கவுண்டரில் காதில் விழும் சில மலாய்ச் சொற்களை முன்பே தெரிந்துவைத்திருந்தால் பதற்றம் பாதி குறையும். ‘டாரா திங்கி’ என்பது நாம் இரத்தக் கொதிப்பு என்று சொல்லும் உயர் இரத்த அழுத்தம். ‘கென்சிங் மானிஸ்’ என்பது இனிப்புநீர், அதாவது நீரிழிவு. ‘கூராங் டாரா’ என்பது இரத்தக் குறைவு, ‘ஹாயிட்’ என்பது மாதவிலக்கு. ‘தெமு ஜஞ்ஜி’ என்றால் அடுத்த முறை வரவேண்டிய தேதி.

இவற்றுள் அதிகக் குழப்பம் தருவது ‘புவாசா’ என்ற சொல்தான். இரத்தப் பரிசோதனைக்கு ‘புவாசா’ இருந்து வாருங்கள் என்றால், முந்தைய இரவு பத்து மணிக்குப் பிறகு எதையும் சாப்பிடாமல் காலையில் வரவேண்டும் என்று பொருள். நோன்பு மாதத்தைப் போல நினைத்துக்கொண்டு தண்ணீரும் குடிக்காமல் வந்து வரிசையில் மயங்கி விழுந்தவர்கள் உண்டு. வெறும் தண்ணீர் குடிக்கலாம். பால் கலக்காத கோப்பியானாலும் கோப்பி கூடாது. தினமும் மாத்திரை எடுப்பவர்கள், அன்று காலை அதைப் போடலாமா என்று தேதி வாங்கும்போதே கேட்டுவிடவேண்டும்.

செக்ரோலில் ஏறவேண்டிய எண்கள்

இரத்த அழுத்தம் பலமுறை அளந்தும் 140க்கு 90 அல்லது அதற்குமேல் இருந்தால் அது இரத்தக் கொதிப்பு. வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சர்க்கரை 7.0 (மில்லிமோல்/லிட்டர்) அல்லது அதற்குமேல் இருந்தால் இனிப்புநீராக இருக்கக்கூடும் என்று மறுபடி சோதித்து உறுதிசெய்வார்கள். இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டாமல் இருப்பது நல்லது. அதற்குத் தையல் நாடா ஒன்று போதும். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்கு (ஒரு டெசிலிட்டரில்) குறைந்தால் இரத்தக் குறைவு. கர்ப்ப காலத்தில் அந்தக் கோடு 11.

இந்த எண்களைப் பற்றி நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு, அதாவது மூவரில் ஒருவருக்குக் கிட்டத்தட்ட. நம் வரிசை வீடுகளில் மூன்று கதவுக்கு ஒரு கதவு. இதில் பலருக்குத் தாகமோ காலெரிச்சலோ வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே சர்க்கரை ஏறிவிடுகிறது என்பதால், உடம்பு சொல்லட்டும் என்று காத்திருப்பது பயன்படாது.

நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு வேறு இரண்டு வாசல்களும் திறந்திருக்கின்றன. அரசாங்கத்தின் எஸ்டிஆர் உதவித்தொகை பெறும் குடும்பத்தில் 40 வயதும் அதற்குமேலும் ஆனவர்களுக்கு, குறைந்த வருமானத்தாருக்காக 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தின்கீழ் இலவச உடல்நலப் பரிசோதனை உண்டு. பதிவுபெற்ற தனியார் கிளினிக்குகளிலும் செய்துகொள்ளலாம். சம்பளத்தில் பெர்கேசோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பிடித்தம் உள்ள பெண்கள் 40 வயதை எட்டியதும் அந்த நிறுவனத்தின் பரிசோதனைத் திட்டத்தைப் பற்றியும் விசாரிக்கவேண்டும். அதில் பெண்களுக்கு மார்பக எக்ஸ்ரேயான மாமோகிராமும் சேர்ந்திருக்கிறது. தகுதி இருந்தும் இந்த இரண்டையும் பயன்படுத்தாதவர்களே நான் பார்த்தவர்களில் அதிகம்.

இரத்தக் குறைவு: அலுப்பு என்று பெயர் மாறிய நோய்

இதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது. பிள்ளை பெறும் வயதிலுள்ள மலேசியப் பெண்களில் ஏறக்குறையப் பத்தில் மூவருக்கு இரத்தக் குறைவு இருப்பதை அதே 2019 ஆய்வு காட்டியது. ஆனால் இரத்தம் குறைவாக இருக்கிறது என்று யாரும் வந்து சொல்வதில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தலைமுடி கொட்டுகிறது, குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டுகிறது, மத்தியானத்தில் தூக்கம் அமுக்குகிறது என்பார்கள்; கூடவே வேலைப்பளுதான் காரணம் என்று தாங்களே தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். சிலருக்கு ஐஸ்கட்டியையோ பச்சரிசியையோ சும்மா மென்றுகொண்டிருக்கும் ஆசை வரும். அதுவும் இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறியாக இருக்கலாம்.

காரணம் பெரும்பாலும் இரண்டு பக்கத்திலிருந்து வருகிறது. மாதந்தோறும் போவது அதிகம், வாயால் வருவது குறைவு. போவதைப் பற்றிப் பின்னால் பார்ப்போம். வருவதில் நாம் செய்யும் பெரிய பிழை தேத்தண்ணீர். சாப்பாட்டோடு சேர்த்தோ சாப்பிட்ட கையோடோ குடிக்கும் தேநீரும் கோப்பியும், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாமல் தடுக்கின்றன. தேநீரை விடச்சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை, நானும் விடவில்லை. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மாறாக, எலுமிச்சைச் சாறு, கொய்யா, நெல்லி போன்று வைட்டமின் சி உள்ளவை அதே இரும்பை உள்ளே இழுத்துக்கொடுக்கும். முருங்கைக்கீரைப் பொரியல் மேல் அரை எலுமிச்சை பிழிந்தால் அது ருசிக்கு மட்டும் அல்ல. அசைவம் சாப்பிடுபவர்களுக்கு ஈரலும் சிவப்பு இறைச்சியும் மீனும் இன்னும் எளிதில் ஒட்டும் இரும்பைத் தருகின்றன. கர்ப்பிணிகள் மட்டும் ஈரலைக் குறைத்துக்கொண்டு, அளவை மருத்துவரிடம் கேட்கவேண்டும்.

கிளினிக்கில் இரும்பு மாத்திரை கொடுத்தால் மலம் கறுத்துப்போகும், சிலருக்கு மலச்சிக்கலும் வரும். இதைக் கண்டு பயந்து பாதி மாத்திரையை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். கறுப்பது இயல்பு, வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மருத்துவரிடம் சொன்னால் மாற்றித்தருவார். உடம்பு தெம்பானவுடன் நிறுத்திவிடவும் கூடாது. இரத்தம் ஏறிய பிறகும் உடம்பின் இருப்பு நிறைய மேலும் சில மாதங்கள் ஆகும். மாத்திரை போட்டும் ஏறவில்லை என்றால் வேறு காரணம் தேடவேண்டும். தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்கள் நம் நாட்டில் நிறைய உண்டு. அவர்களுக்கும் ஹீமோகுளோபின் குறைவாகவே காட்டும், ஆனால் இரும்பு மாத்திரையால் அது சரியாகாது. 2016 முதல் படிவம் நான்கில் படிக்கும் 16 வயது மாணவர்களுக்கு இந்தச் சோதனை பள்ளியிலேயே செய்யப்படுகிறது. அதற்குமுன் படித்து முடித்தவர்கள், குறிப்பாகத் திருமணம் நிச்சயமானவர்கள், கேட்டுச் செய்துகொள்ளலாம்.

தட்டு

காலை நாலரைக்கு எழுந்து, கெட்டிப்பால் ஊற்றிய கோப்பியோடு பெரட்டுக்கு ஓடி, பதினொன்றுக்கு ரொட்டி சானாய், மூன்று மணிக்குச் சோறு, இரவு ஒன்பதுக்கு எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சியது என்பதே தோட்டத்துப் பெண்ணின் சாப்பாட்டு அட்டவணை. இதில் என்ன சாப்பிடுகிறோம் என்பதற்கு முன்னால் எப்போது சாப்பிடுகிறோம் என்பதைச் சரிசெய்யவேண்டும். முந்தைய இரவே அவித்த கடலையோ முட்டையோ எடுத்துவைத்தால், காலையில் வெறும் சர்க்கரையை மட்டும் வயிற்றில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போகும் நிலை வராது. இரவுச் சோற்றை இரண்டு மணி நேரம் முன்னால் தள்ளுங்கள்.

அளவுக்குச் சுகாதார அமைச்சு சொல்லும் ‘சூக்கு சூக்கு செப்பாரோ’ என்ற முறை எளிது. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ பருப்போ முட்டையோ, மீதி அரைப் பங்கு காய்கறியும் பழமும். நம் வாழையிலைச் சாப்பாட்டில் இந்தக் கணக்கு தலைகீழாக இருக்கிறது. காய் ஓரத்தில் ஒரு கரண்டி, நடுவில் மலைபோலச் சோறு. சோற்றுக்குப் பதில் சப்பாத்தி என்று மாறியவர்களில் சிலர் ஆறு சப்பாத்தி சாப்பிடுகிறார்கள். அதற்குச் சோறே தேவலை.

உப்பு நாள் ஒன்றுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கவேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. கருவாடு, ஊறுகாய், கிச்சாப் (சோயா சாறு), மெகி மீ நூடுல்ஸின் தூள் என்று எல்லாவற்றிலும் அது ஒளிந்திருப்பதால், சமையலில் குறைத்ததோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை.

காட்டு வேலை செய்பவர்களுக்கு

செம்பனைத் தோட்டத்தில் பெண்கள் செய்வது பெரும்பாலும் உதிரிப் பழம் பொறுக்குவது, உரம் போடுவது, பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி மருந்து அடிப்பது. மூன்றும் உடம்பை மூன்று விதமாகத் தாக்குகின்றன.

முதலில் தண்ணீர். காட்டில் கழிவறை இல்லை என்பதால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பழக்கம் நம் பெண்களிடம் வேரூன்றியிருக்கிறது. இதனால் சிறுநீர்ப் பாதையில் தொற்று, எரிச்சல், கல், வெயிலில் மயக்கம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் முதல் நாளே இன்னொரு பெண்ணோடு பேசி, இரண்டு பேராகப் போய்வரும் ஏற்பாட்டைச் செய்துகொள்ளவேண்டும். வெட்கம் அந்த ஒரு நாள்தான். அரை நாள் வேலைக்கு ஒன்றரை லிட்டர் போத்தலாவது கையில் இருக்கட்டும். தாகம் எடுப்பதற்கு முன்பே இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவேண்டும். சிறுநீர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் போதுமான தண்ணீர் குடித்திருக்கிறீர்கள். தேநீர் நிறத்தில் இருந்தால் கடனில் இருக்கிறீர்கள். எரிச்சலோடு காய்ச்சலும் முதுகுவலியும் சேர்ந்தால் இளநீரை நம்பிக் காத்திருக்காமல் அன்றே கிளினிக்குக்குப் போங்கள்.

அடுத்தது மருந்து. நீண்ட காலம் பல பெண்களின் தோலையும் நகத்தையும் தின்ற பாராகுவாட் என்னும் களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. அதனால் இப்போது அடிக்கும் மருந்தெல்லாம் தண்ணீர் போன்றது என்று நினைத்துவிடவேண்டாம். பூச்சிக்கொல்லியும் களைக்கொல்லியும் வாய் வழியாகப் போவதைவிடத் தோல் வழியாகவே அதிகம் போகின்றன. கையுறை, முகக்கவசம், ஏப்ரன், பூட்ஸ் ஆகியவற்றைத் தோட்ட நிர்வாகம் கொடுக்கவேண்டும். கிழிந்தால் மாற்றித் தரவேண்டும். வீடு திரும்பியதும் குழந்தை ஓடிவந்து கட்டிக்கொள்ளும், அதற்குமுன் குளித்துவிடுங்கள். வேலைத் துணியை வீட்டுத் துணியோடு சேர்த்து மெஷினில் போடாதீர்கள். மருந்துப் போத்தலைக் கழுவி அதில் தண்ணீரோ எண்ணெயோ பிடித்துவைக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. இன்றே அதை வீசுங்கள்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் பூச்சிமருந்து வேலை செய்யக்கூடாது என்பது நீடித்த செம்பனை எண்ணெய்க்கான ஆர்எஸ்பிஓ அமைப்பின் சான்றிதழ் பெற்ற தோட்டங்களுக்கான விதி. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வயிறு தெரியும்வரை மேற்பார்வையாளரான மண்டோரிடம் சொல்லாமல் இருப்பதே நம் வழக்கம். மூன்று மாதம் முடியாமல் வெளியில் சொல்லக்கூடாது என்பார்கள். ஆனால் குழந்தையின் உறுப்புகள் உருவாவது அந்த முதல் மூன்று மாதங்களில்தான். ஊருக்குச் சொல்லவேண்டாம், மண்டோருக்கு மட்டும் நாள் தள்ளியவுடனே சொல்லி, வேறு வேலை கேட்டுவாங்குங்கள்.

கடைசியாகச் சுமை. முதுகில் சுமக்கும் 15 லிட்டர் மருந்துப் பம்பு நிறைந்தால் தண்ணீரே 15 கிலோ. பிள்ளை பெற்ற சில வாரங்களிலேயே இதையோ உரச்சாக்கையோ தூக்கியவர்களுக்குப் பின்னாளில் கருப்பை கீழே இறங்குவது, இருமினால் சிறுநீர் கசிவது போன்ற தொல்லைகள் வரக்கூடும். இதை அம்மாவிடம்கூடச் சொல்லாமல் துணி வைத்துச் சமாளிக்கும் பெண்கள் எத்தனையோ பேர். இதற்கு மருத்துவம் உண்டு. ஆரம்ப நிலையில் உடற்பயிற்சியே பெரிதும் உதவும். சிறுநீரை அடக்குவதுபோல அடித்தசையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்துவிடுங்கள். பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. சிறுநீர் கழிக்கும்போது இதைச் செய்யக்கூடாது. பேருந்தில் உட்கார்ந்துகொண்டும் செய்யலாம், பக்கத்திலிருப்பவருக்குத் தெரியாது.

மாதவிலக்கும் அதைச் சுற்றிய மௌனமும்

ஒவ்வொரு மாதமும் முதல் நாளின் தேதியை நாள்காட்டியில் வட்டமிடுங்கள். கிளினிக்கில் முதலில் கேட்கும் கேள்வி அதுதான். பேடை நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். காட்டு வேலைக்குப் போகிறவர் பையில் இரண்டு பேடும் பழைய நாளிதழும் இருக்கட்டும். ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு பேடு முழுவதும் நனைவது, ஏழு நாளுக்குமேல் நீடிப்பது, ஐம்பது காசு நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள் போவது ஆகியவை ‘என் வாகு அப்படி’ என்று விட்டுவிடக்கூடியவை அல்ல. கருப்பைக் கட்டி இருக்கலாம். மேலே சொன்ன இரத்தக் குறைவின் வேரும் அங்கேதான் இருக்கலாம். தீட்டு நின்று ஓராண்டு கடந்தபின் ஒரு துளி பட்டாலும் உடனே காட்டவேண்டும்.

வலிக்குப் பல வீடுகளில் போன்ஸ்தான் மாத்திரை இருக்கும். வெறும் வயிற்றில் போடாதீர்கள். காய்ச்சலுக்கு அதைக் கட்டாயம் போடாதீர்கள். டெங்கியாக இருந்தால் இரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.

கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனை பற்றிப் பேச்செடுத்தால் பாதிப் பேர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்துவிடுகிறார்கள். ஆண் மருத்துவர் பார்ப்பாரோ என்பதே முதல் பயம். இப்போது அந்தப் பயத்துக்கே இடமில்லாத ஒரு வழி இருக்கிறது. 2019 முதல் அரசாங்கக் கிளினிக்குகளில் படிப்படியாக வந்துள்ள, அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி கிருமியைத் தேடும் எச்பிவி டிஎன்ஏ சோதனையில், பஞ்சுக்குச்சி போன்ற ஒன்றைக் கையில் கொடுத்து, திரைக்குப் பின்னாலோ கழிவறையிலோ நீங்களே மாதிரி எடுத்துத் தரச் சொல்வார்கள். இரண்டு நிமிட வேலை, வலி இல்லை. 30 முதல் 65 வயதுக்குள் உள்ள, தாம்பத்திய உறவில் இருக்கும் அல்லது இருந்த பெண்களுக்கானது. கிருமி இல்லை என்று வந்தால் அடுத்த சோதனை ஐந்து ஆண்டுகள் கழித்து. கிருமி இருக்கிறது என்று வந்தால் அது புற்றுநோய் என்று பொருளல்ல. மேற்கொண்டு பார்க்கவேண்டும், அவ்வளவுதான். கணவர் இறந்துவிட்டார், இனி எதற்கு என்று கேட்ட ஒரு பெரியம்மாவுக்கும் இதைத்தான் சொன்னேன்: அந்தக் கிருமி பல ஆண்டுகள் சத்தமில்லாமல் உள்ளே இருக்கக்கூடியது. உங்கள் மகளுக்கு 13 வயதென்றால், 2010 முதல் பள்ளிகளில் போடப்படும் எச்பிவி தடுப்பூசியின் அனுமதிக் கடிதத்தில் மறக்காமல் கையெழுத்திடுங்கள்.

மார்பைப் பொறுத்தவரை, தீட்டு முடிந்த சில நாள்களில் குளிக்கும்போது கையால் தடவிப் பார்த்து, உங்களுக்கு இயல்பானது எது என்பதைப் பழகிக்கொள்ளுங்கள். கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளிழுப்பு, காம்பிலிருந்து இரத்தம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த வாரம் என்று தள்ளாதீர்கள். வலிக்கவில்லையே என்று நிம்மதியடைவது பெரும் தவறு. மார்பகப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. 50 வயதுக்குமேல் இரண்டாண்டுக்கு ஒருமுறை மாமோகிராம் எடுக்கவேண்டும். தாய்க்கோ சகோதரிக்கோ வந்திருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசவேண்டும். தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியமான எல்பிபிகேஎன் நடத்தும் நூர் செஜாத்ரா கிளினிக்குகளில் குறைந்த வருமானப் பெண்களுக்கு மானியம் உண்டு.

வெற்றிலை போடும் மாமியார் வீட்டில் இருந்தால் அவரையும் பல் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். பாக்கும் புகையிலையும் வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவருகின்றன; ஆறாத புண்ணும் வெள்ளைத் திட்டும் அதன் முன்னறிவிப்பு.

கருவுற்றால்

பன்னிரண்டு வாரத்துக்குள் தாய்சேய்ப் பிரிவில் பதிந்துவிடுங்கள். அங்கே தரும் இளஞ்சிவப்புப் புத்தகத்தைப் பிரசவம் வரை கைப்பையிலிருந்து இறக்கக்கூடாது. அதில் ஒட்டும் வண்ணக் குறியின் பொருளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: வெள்ளை என்றால் தாதியே கவனிப்பார், பச்சை என்றால் கிளினிக் மருத்துவர், மஞ்சள் என்றால் நிபுணர், சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. சர்க்கரைத் தண்ணீர் குடிக்கவைத்து இரத்தம் எடுக்கும் சோதனையைக் குமட்டுகிறது என்று தவிர்க்காதீர்கள். கர்ப்பகால இனிப்புநீர் பிரசவத்தோடு போய்விட்டதாகத் தோன்றினாலும், ஆறு வாரம் கழித்து ஒருமுறையும் பிறகு ஆண்டுதோறும் சோதிக்கவேண்டும். பலர் கோட்டைவிடும் இடம் இதுதான்.

2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்துள்ளது. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் வைக்கும் பெரியவர்களோடு சண்டை வேண்டாம். பூண்டும் மிளகும் காயமருந்தும் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் தண்ணீர் குடிக்காதே, கீரை தொடாதே, பழம் குளிர்ச்சி என்பவற்றை மட்டும் ஏற்காதீர்கள். பால் கொடுக்கும் உடம்புக்குத் தண்ணீரும், தையல் போட்ட உடம்புக்கு நார்ச்சத்தும் அவசியம். வீட்டுக்கு வரும் தாதியை விட்டே மாமியாரிடம் சொல்லச் சொன்னால் வேலை எளிதில் முடியும்.

பிரசவத்துக்குப்பின் இரண்டு வாரத்துக்குமேல் காரணமில்லாத அழுகை, குழந்தையைப் பார்க்கவே பிடிக்காத நிலை இருந்தால் அது காத்துக்கருப்பு அல்ல, மனச்சோர்வு. புது ஊரில் பேச ஆளில்லாத மருமகளுக்குப் பிள்ளை பெறாமலும் அது வரலாம். சுகாதார அமைச்சின் 15555 எண்ணில் மனநல ஆலோசகர்கள் பேசுவார்கள். வீட்டில் அடி உதை இருந்தால் 15999. அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவிலும் இதற்கென்று தனி ஏற்பாடு உண்டு.

பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் விற்கும் மூட்டுவலி மாத்திரையும் வெள்ளையாக்கும் கிரீமும்

பெட்டியில் ‘எம்ஏஎல்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இல்லாத மருந்தை வாங்காதீர்கள். இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்று புகழப்படும் மூலிகை மாத்திரைகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும், முகத்தை ஒரு வாரத்தில் வெளுக்கவைக்கும் கிரீம்கள் சிலவற்றில் பாதரசம் இருப்பதும் அமைச்சின் சோதனைகளில் மீண்டும் மீண்டும் பிடிபட்டவை.

இரவு நேரத்துக்கு

கோப்பின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள். உங்கள் பெயர், மைகார்டு எண், இரத்த வகை, ஒவ்வாத மருந்து, தினமும் எடுக்கும் மாத்திரை, கடைசி மாதவிலக்கின் தேதி. அதன்கீழே 999, வரிசையில் கார் வைத்திருக்கும் இரண்டு வீடுகளின் எண்கள், தோட்ட வேன் ஓட்டுபவரின் எண். பகாவ் பகுதியிலிருந்து அவசரத்துக்கு ஜெம்போல் மருத்துவமனை அருகில். நிபுணர் தேவைப்பட்டால் அங்கிருந்து கோலப்பிலாவுக்கோ சிரம்பானுக்கோ அனுப்புவார்கள் என்பதால், மாற்றுத்துணியும் கொஞ்சம் பணமும் வைத்த சிறு பை ஒன்று கதவோரம் இருப்பது நல்லது. தோட்டத்துக் கேட்டை இரவில் எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள், சாவி யாரிடம் இருக்கிறது என்பதை இந்த வாரமே கேட்டுவிட்டு, காவலாளியான ஜாகாவின் எண்ணையும் அந்தத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.